ரெயேனோஸ் தெ பாப்பா: கிழங்கு கரையுதா, முட்டை வழுக்குதா, சீஸ் ஓடுதா, எங்க தப்புன்னு பார்ப்போம்

மத்திய அமெரிக்காவுல இருக்குற எல் சால்வடார்காரங்க வீட்ல மத்தியான சாப்பாட்டுக்கு செய்ற ஒரு ஐட்டம் இது. "ரெயேனோ"ன்னா உள்ள அடைச்சது, "பாப்பா"ன்னா உருளைக்கிழங்கு (நம்ம வீட்டுப் பாப்பா இல்ல, பயப்படாதீங்க). வேகவெச்ச கிழங்க மசிச்சு நடுவுல சீஸ் வெச்சு தட்டையா பிடிச்சு, நுரைக்க அடிச்ச முட்டையில முக்கி பொரிச்சு, அதுக்கப்புறம் தண்ணியா இருக்குற தக்காளி சல்சாவுல கொஞ்ச நேரம் போட்டு வெச்சு, சோறு, கையால தட்டின தடிமனான சோள ரொட்டி, அதாவது தோர்த்தியாவோட சாப்பிடுவாங்க. சொல்லும்போது ஈசியா இருக்குல்ல? நானும் அப்டித்தான் நெனச்சேன்.

நான் இருக்குறது அமெரிக்காவுல, மேரிலாந்துல. 1980ல இருந்து 1992 வரைக்கும் எல் சால்வடார்ல நடந்த உள்நாட்டுப் போர் சமயத்துல கெளம்பி வந்தவங்க வாஷிங்டன் சுத்துவட்டாரத்துல எக்கச்சக்கம் பேர் இருக்காங்க, எங்க அபார்ட்மென்ட் மேல் மாடியில இருக்குற அம்மாவும் அதுல ஒருத்தங்க, அங்க "சான்ட்டா ஆனா"ங்குற நகரத்துக்குப் பக்கத்து ஊர். அவங்க ஊர்ல வயசுல மூத்த பொம்பளைங்கள மரியாதையா "நீஞா"ன்னு சேர்த்துக் கூப்பிடுவாங்க, அதுக்கு நேர் அர்த்தம் சின்னப் பொண்ணுன்னு, எழுபது வயசானாலும் நீஞாதான். நானும் நீஞான்னே கூப்பிடுறேன். கீழ எழுதியிருக்குறது பாதி அவங்க திட்டினது, மீதி நான் கெடுத்துக் கெடுத்து கத்துக்கிட்டது.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன், எது சொதப்பினாலும் முதல்ல தண்ணி எங்க இருக்குன்னு தேடுங்க. கிழங்குலயா, சீஸ்லயா, பாத்திரத்துலயா, சல்சாவுலயா. பத்துல எட்டு தடவை ஆள் அங்கதான் ஒளிஞ்சிருப்பான்.

அளவு வேணும்னா இது: கிழங்கு 1 கிலோ, சீஸ் 200 கிராம், முட்டை 4, மைதா 4 டீஸ்பூன், அது போக புரட்ட தனியா கொஞ்சம். உள்ளங்கை சைஸ்ல பத்துப் பன்னெண்டு வரும். சல்சாவுக்கு நல்லா பழுத்த தக்காளி 6, வெங்காயம் பாதி, குடைமிளகாய் பாதி, பூண்டு 2 பல், பிரிஞ்சி இலை 1, உப்பு. எல் சால்வடார்ல "சீலே வெர்தே"ன்னு சொன்னா அது குடைமிளகாய், நேரா மொழிபெயர்த்தா பச்ச மிளகாய்னு வரும், நான் அப்டி நெனச்சு நாலு பச்ச மிளகாய் அரைச்சு ஊத்தி நீஞா வீட்டுப் பேரனுக்கு கண்ல தண்ணி வரவெச்சிட்டேன்.

"மொறுமொறுன்னே வரலையே"

வராது. வரவும் கூடாது. இத போண்டா மாதிரி நெனச்சு செய்றவங்க கேக்குற முதல் கேள்வியே இதுதான், அதனால முதல்லயே வெச்சுட்டேன். போண்டாவுல கடலமாவு ஓடு மாதிரி மேல நிக்கும், இதுல மேல இருக்குறது வெறும் முட்டை நுரை, பஞ்சு மாதிரி, அது சல்சாவ உறிஞ்சிக்கணும்ங்குறதுக்காகவே அப்டி செய்றது. ரஸ்க்கு தூள்ல புரட்டி உருண்டையா மொறுமொறுன்னு நீங்க பாத்தது கியூபா, புவேர்ட்டோ ரீக்கோ பக்கத்து ஸ்டைல், கறி, ஆலிவ், வேகவெச்ச முட்டைன்னு உள்ள வெச்சு நீளவாக்குல பிடிக்கிறது பெரு நாட்டு ஸ்டைல். பேரும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால நெட்ல தேடினா மூணும் கலந்து வரும். ரஸ்க்கு தூள் இருந்தா அந்த ரெசிபிய மூடிடுங்க, நமக்கு வேண்டியது அது இல்ல.

கிழங்கு கையில ஒட்டுது, உருட்டவே வரல

இது ரெண்டு வகை, ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும் ஆனா வைத்தியம் வேற வேற. கொஞ்சம் எடுத்து விரல் நடுவுல வெச்சு இழுத்துப் பாருங்க. ஈரமா நசநசன்னு பிரிஞ்சு வந்தா தண்ணி ஜாஸ்தி. பப்பிள்கம் மாதிரி நூல் விட்டு இழுபட்டா அது பசை.

தண்ணி ஜாஸ்தின்னா காப்பாத்திடலாம். அடி கனமான சட்டியில எண்ணெய் எதுவும் ஊத்தாம மசிச்சத போட்டு சின்னத் தீயில கிளறிட்டே இருங்க, ஆவி பறக்கும், மூணு நாலு நிமிஷத்துல சட்டியோட அடியில மெல்லிசா ஒரு படலம் பிடிக்க ஆரம்பிக்கும், அப்போ நிறுத்திடலாம். அதுக்கும் அடங்கலன்னா தோர்த்தியாவுக்கு வாங்குற சோள மாவு ஒரு ஸ்பூன் ரெண்டு ஸ்பூன் சேக்கலாம், அதுக்கு மேல போட்டா வாய்ல கிழங்கு தெரியாது மாவுதான் தெரியும். அடுத்த தடவை வெட்டி வேகவெக்காதீங்க. முழுசா, தோலோட, பச்சத் தண்ணியில போட்டு உப்பு போட்டு அங்கிருந்து சூடாக்குங்க, கொதிக்கிற தண்ணியில போட்டா வெளிப்பக்கம் கரைஞ்சு போய்ட்டு நடுவுல கல்லு மாதிரி இருக்கும். குத்திப் பாக்குறேன்னு பத்து தடவை கத்தியால குத்தினா பத்து ஓட்டை, பத்து ஓட்டையிலயும் தண்ணி. ஒரு தடவை குத்துங்க போதும். வடிச்சிட்டு அதே சூட்டு பாத்திரத்துல மூடாம அஞ்சு நிமிஷம் விட்டா தோல்ல இருக்குற ஈரமும் போய்டும்.

குக்கர்ல வெக்கலாமான்னா வெக்கலாம், ஆனா கிழங்கு தண்ணிக்குள்ள முங்காம மேல தட்டு வெச்சு ஆவியில வேகட்டும்.

பசையாய்டுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது, உண்மையச் சொல்லிடுறேன். மிக்ஸியில போட்டீங்க, இல்ல ஃபுட் ப்ராசஸர்ல போட்டீங்க, இல்ல சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சு தள்ளிட்டீங்க. கிழங்குக்குள்ள இருக்குற செல்லெல்லாம் உடைஞ்சு ஸ்டார்ச் வெளிய வந்துருச்சு, அது திரும்ப உள்ள போகாது. அத எடுத்து சூப்புல கெட்டிக்குப் போட்டுக்கோங்க, இல்ல மறுநாள் அடை மாவுல கலந்துக்கோங்க. மசிக்கிறது சூடா இருக்கும்போதே, மத்தாலயோ முள்கரண்டியாலயோ, அமுக்கி அமுக்கி. அரைக்கிற மாதிரி சுத்தக் கூடாது. ஒண்ணு ரெண்டு சின்னக் கட்டி இருந்தா இருக்கட்டும், யாரும் பரிட்ச வெக்கப் போறதில்ல.

எந்தக் கிழங்குன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல ரஸ்ஸெட்னு விக்கிற சொரசொரப்பான பழுப்புத் தோல் கிழங்கு இதுக்கு நல்லா வரும், வேகவெச்சா பொலபொலன்னு மாவா உதிரும். செவப்புத் தோல் கிழங்கு வழவழன்னு நிக்கும், அது குழம்புக்கு சரி. ஊர்ல இருக்குறவங்க நகத்தால தேச்சாலே தோல் உரியுற புதுக் கிழங்க வாங்காதீங்க, தண்ணி அதிகம். அதே சமயம் ரொம்ப நாள் குளிர்ல கெடந்த கிழங்கும் தொந்தரவுதான், குளிர்ல ஸ்டார்ச் சக்கரையா மாறும், தித்திப்பா இருக்கும், வீட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் இதே கததான். கூடையில வெளியவே இருக்கட்டும்.

சீஸ் எண்ணெய்ல ஓடி வெடிக்குது

பட்டுன்னு ஒரு சத்தம், எண்ணெய் தெறிக்கும், உள்ள எட்டிப் பாத்தா வெறும் குகை. சீஸ் உருகி எங்கயோ ஒரு கீறல் வழியா வெளிய வந்து எண்ணெய தொட்டுருச்சு, சீஸ்ல இருக்குற தண்ணி ஆவியா வெடிக்குது.

கீறல் எப்படி வருதுன்னா, பிடிச்சு முடிச்ச உடனே ஓரத்தப் பாருங்க, கட்லெட்ல வர மாதிரி ஓரம் பூரா வெடிப்பு இருக்கும். கையில தண்ணி தொட்டு மூடுறீங்கன்னா அது அப்போதைக்கு ஒட்டின மாதிரி தெரியும், எண்ணெய்ல போனதும் பிரிஞ்சிடும். எண்ணெய் தொட்டுக்கோங்க, துளியூண்டு. ரெண்டு உள்ளங்கை நடுவுல உருண்டையா உருட்டிட்டு அதுக்கப்புறம் மெதுவா தட்டுங்க, ஒரு கையால தட்டும்போது இன்னொரு கை ஓரத்த சுத்தி அணை கட்டுற மாதிரி பிடிச்சுட்டே வரணும். நீஞா கைய நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், வலது கை தட்டுது, இடது கை கட்டைவிரல் மட்டும் ஓரத்துல ஓடிட்டே இருக்கு, ஒரு சுத்து முடியும்போது ஓரம் வழவழன்னு ஆயிருக்கு. பூபூசா (உள்ள சீஸ் மாதிரி அடைச்ச சோள ரொட்டி) தட்டுற கை அது, சின்ன வயசுல இருந்து பழகினது. நமக்கு கொழுக்கட்டை மூடுன பழக்கம் இருந்தா பாதி வேலை ஈசி.

கிழங்கு சுவர் எல்லாப் பக்கமும் சுமார் ஒரு செமீ இருக்கணும். சீஸ நெறைய வெக்கணும்னு ஆசப்பட்டு சுவர மெல்லிசாக்கினா வெடிக்கும். அடைச்சு முடிச்சத ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் வெச்சீங்கன்னா எறுகிடும், இந்த ஒரு ஸ்டெப்ப விட்டுட்டுத்தான் பல பேர் அழுவுறாங்க.

சீஸ் உருகவே இல்ல, ரப்பர் மாதிரி இருக்கு

பன்னீர் வெச்சீங்களா? அதான். பன்னீர் எலுமிச்சையோ வினிகரோ ஊத்தி திரிச்சது, அது எவ்ளோ சூடு குடுத்தாலும் உருகாது, வேணும்னா வறண்டு போகும். அவங்க போடுறது கேசியோன்னு ஒரு சீஸ், பூபூசாவுக்குள்ள வெக்கிறதும் அதேதான், சூடானா நூல் நூலா இழுக்கும். கெடைக்கலன்னா மொஸரெல்லா, ஆனா தண்ணியில மிதக்குற வெள்ள உருண்டை மொஸரெல்லா வேண்டாம், பீட்ஸாவுக்கு துருவுற காஞ்ச வகை. அதுல உப்பு கம்மியா இருக்கும், அவங்க ஊர் கேசியோவுல கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கும், அதனால உப்புச் சீஸ் ஏதாவது கொஞ்சம் உதிர்த்துச் சேத்துக்கோங்க. லொரோக்கோ பூ மொட்டு ஃப்ரோஸன்ல கெடைச்சா நாலு கிள்ளிப் போடுங்க, அதோட வாசனை சீஸோட சேரும்போது எப்படி இருக்கும்னு எழுதிக் காட்டத் தெரியல, ஆனா கரைஞ்ச தண்ணிய ஒட்டப் பிழிஞ்சிட்டுப் போடுங்க, இல்லன்னா மறுபடி வெடிக் கச்சேரி.

முட்டை நுரை வரல, வந்தாலும் உக்காந்துடுது

இங்கதான் எல்லாரும் கவுருறது, அதனால நிதானமா சொல்றேன்.

வெள்ளக்கருவ மட்டும் தனியா அடிக்கணும், மஞ்சக்கரு அப்புறம்தான். எப்போ நிறுத்தணும்னா அவங்க மொழியில "புந்தோ தெ நியேவே"ம்பாங்க, பனிப் பதம். கிண்ணத்த தலைகீழா கவுத்தா விழக் கூடாது. நீஞா கவுக்குறதோட நிறுத்தல, என் தலைக்கு மேல கொண்டு வந்து கவுத்துக் காட்டினாங்க, விழல, நான்தான் கண்ண மூடிக்கிட்டேன்.

பத்து நிமிஷம் அடிச்சும் நுரைக்காம பால் மாதிரியே இருக்கா? எங்கயோ கொழுப்பு இருக்கு. மஞ்சக்கரு ஒரு துளி விழுந்திருக்கும், இல்ல பிளாஸ்டிக் கிண்ணம். பிளாஸ்டிக்ல பழைய எண்ணெய்ப் பிசுக்கு என்ன கழுவினாலும் கொஞ்சம் நிக்கும். எவர்சில்வரோ கண்ணாடியோ எடுத்துக்கோங்க, எலுமிச்சை மூடியால உள்ள ஒரு தேய் தேச்சு துடைச்சுட்டு ஆரம்பிங்க. ஈரமும் இருக்கக் கூடாது. முட்டைய ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே பிரிச்சா மஞ்சக்கரு உடையாம சுத்தமா பிரியும், ஆனா அடிக்கிறதுக்கு ரூம் சூட்டுல இருந்தா சீக்கிரம் நுரைக்கும், அதனால பிரிச்சு வெச்சுட்டு அரை மணி நேரம் விடுங்க. ஒவ்வொரு முட்டையையும் தனியா ஒரு சின்னக் கிண்ணத்துல ஒடச்சுப் பாத்துட்டுப் பெரிய கிண்ணத்துல ஊத்துங்க, நாலாவது முட்டை மஞ்சக்கரு உடைஞ்சு மொத்தத்தையும் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு, ராத்திரி ஒம்பது மணிக்கு, வீட்ல வேற முட்டை இல்லாதப்ப.

நல்லா நுரைச்சு வந்து, கொஞ்ச நேரத்துல அடியில தண்ணி தேங்குதா? ஒண்ணு நீங்க ஜாஸ்தி அடிச்சிட்டீங்க, பாத்தா பஞ்சு பிச்சுப் போட்ட மாதிரி திட்டுத் திட்டா இருக்கும், பளபளப்பு போயிருக்கும். இல்லன்னா அடிச்சு வெச்சுட்டு ஃபோன் எடுக்கப் போய்ட்டீங்க. ஜாஸ்தி அடிச்சதுக்கு ஒரு ஒட்டு வைத்தியம் உண்டு, இன்னொரு வெள்ளக்கருவ அடிக்காம அப்படியே ஊத்தி மெதுவா பத்து செகண்ட் கலந்தா கொஞ்சம் திரும்பி வரும். அடிக்க ஆரம்பிக்கும்போதே எலுமிச்சைச் சாறு அஞ்சாறு சொட்டு விட்டா நுரை பிடிச்சு நிக்கும். உப்ப மட்டும் இதுல போடாதீங்க, உப்பு நுரைய தளர்த்தும், உப்பெல்லாம் கிழங்குலயே போட்டு முடிச்சிடணும்.

பனிப் பதம் வந்ததும் மஞ்சக்கருவ ஒண்ணொண்ணா விட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுத்து ரெண்டு சுத்து போதும், கடைசில முட்டைக்கு ஒரு டீஸ்பூன் கணக்குல மைதாவ சல்லடையில தூவி கரண்டியால அடியில இருந்து மேல மடிச்சு விடுங்க. வெளிர் மஞ்சள்ல, ஷேவிங் க்ரீம் மாதிரி கெட்டியா இருக்கும். எண்ணெய் அடுப்புல காய ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் முட்டைய அடிக்கவே ஆரம்பிக்கணும். நுரை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது. டபுள் அளவு செய்றீங்கன்னா எட்டு முட்டையையும் ஒரே நேரத்துல அடிக்காதீங்க, நாலு நாலா ரெண்டு தடவை.

சோடா உப்பு போட்டா உப்பும்ல? உப்பும், வாய்ல சோடாவும் தெரியும். வேண்டாம்.

முட்டை ஒட்டாம வழுக்கிட்டுப் போகுது

கிழங்கு மேல வேர்த்திருக்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வெளிய வெச்சா மேல பனி பூத்த மாதிரி ஈரம் வரும், அது மேல நுரை நிக்காது. மைதாவுல ஒரு புரட்டு புரட்டி, கையில தட்டி அதிகமா இருக்குறத உதிர்த்துட்டு, உடனே முட்டையில. பவுடர் பூசின மாதிரி இருந்தா போதும், மாவு அப்பியிருந்தா அதுவே ஒரு தனித் தோலா பிரிஞ்சு வந்துடும்.

முக்குறேன்னு கிண்ணத்துக்குள்ள கைய விட்டு அளையாதீங்க, நுரை செத்துடும். நுரைக்கு மேல வெச்சு, ஸ்பூனால சுத்தி இருக்குற நுரைய அள்ளி மேல மூடி, அப்டியே ஸ்பூனோட எண்ணெய்ல எறக்குங்க. அங்கங்க வெள்ளையா கிழங்கு தெரிஞ்சா எண்ணெய்ல இருக்கும்போதே அந்த எடத்துல கொஞ்சம் நுரைய வெச்சு ஒட்டுப் போடலாம், யாருக்கும் தெரியாது.

எண்ணெய் குடிக்குது / வெளிய கருகி உள்ள ஜில்லுன்னு இருக்கு

ரெண்டும் சூடு சம்பந்தப்பட்டதுதான், எதிரெதிர் பக்கம். தெர்மாமீட்டர் இருந்தா 175 டிகிரி செல்சியஸ் பக்கத்துல வெச்சுக்கோங்க. இல்லன்னா முட்டை நுரையில இருந்து ஒரு சொட்டு எண்ணெய்ல விடுங்க, அடிக்குப் போய் கொஞ்சம் யோசிச்சுட்டு மேல வந்தா இன்னும் காயல, விட்ட எடத்துலயே சடசடன்னு செவந்தா ஓவர், உடனே மேல வந்து சுத்தி சின்னச் சின்னக் குமிழியா விட்டா அதான் பதம். முட்டை நுரை சீக்கிரம் செவந்துடும், கிழங்கு ஏற்கனவே வெந்ததுதான், அதனால உள்ள சூடேறி சீஸ் உருகினா போதும், ஆக பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம்.

கடாய் நெறைய எண்ணெய் ஊத்த வேண்டியதில்ல. அகலமான சட்டியில ரெண்டு செமீ உயரம் போதும், பாதி மூழ்கட்டும், மேல் பக்கத்துக்கு கரண்டியால சூடு எண்ணெய அள்ளி அள்ளி ஊத்துங்க, அப்போ மேல் நுரையும் லேசா எறுகிடும், திருப்பும்போது வழியாது. திருப்ப ரெண்டு முள்கரண்டி. ஒரே நேரத்துல மூணுக்கு மேல போட்டா சூடு எறங்கி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நடுவுல ஜில்லுன்னு இருக்குன்னா ஃப்ரிட்ஜ்ல அரை மணிக்குப் பதிலா ராத்திரி பூரா வெச்சிருப்பீங்க, இருபது நிமிஷம் வெளிய வெச்சுட்டுப் போடுங்க. அப்பவும் இருந்தா கவலப்படாதீங்க, சல்சாவுல மிச்சம் சூடாகிடும்.

சல்சாவுல போட்டதும் தோல் உரிஞ்சு மிதக்குது

என்னோட பெரிய அவமானம் இதுதான். ஆபீஸ்ல ஆளுக்கொரு ஐட்டம் கொண்டு வர்ற பாட்லக்குக்கு பெரிய சட்டியில எடுத்துட்டுப் போய், அங்க போய் தெறந்தா முட்டைத் தோலெல்லாம் தனியா கழண்டு மேல ஈரத்துணி மாதிரி மிதக்குது, கீழ கிழங்கு கரைஞ்சு சல்சா கூழாகிக் கெடக்கு. ஒருத்தர் சூப்பான்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்.

என்ன பண்ணியிருந்தேன்னா, சல்சா தளதளன்னு கொதிக்கும்போது போட்டு, மூடி, அடுப்பையும் எரிய விட்டு, நடுவுல கரண்டி விட்டு வேற கிண்டியிருக்கேன். மூணுமே தப்பு. சல்சா கொதிச்சு முடிச்சு அடுப்பு சின்னதுல இருக்கணும், ஓரத்துல எப்பவாச்சும் ஒரு குமிழி வந்தா போதும். பொரிச்சத அடுக்காம பக்கத்துல பக்கத்துல வெச்சு, மேல ரெண்டு கரண்டி சல்சா ஊத்தி, அஞ்சு நிமிஷம். திருப்பக் கூடாது. எடுக்குறதுக்கு தோசைத் திருப்பி மாதிரி தட்டையானது. வெளிய எடுத்துட்டுப் போறதா இருந்தா சல்சா தனி டப்பா, ரெயேனோ தனி டப்பா.

பொரிச்ச உடனே சல்சாவுல போடாம கம்பி வலைத் தட்டுல அஞ்சு நிமிஷம் ஆற விட்டா நுரை எறுகி நிக்கும். டிஷ்யூ பேப்பர் மேல வெச்சா அடிப்பக்கம் வேர்த்து, அந்தப் பக்கம் தோல் பேப்பரோட போய்டும்.

சல்சா புளிக்குது, பச்ச வாசன வருது, இல்ல நம்மூர் குழம்பு மாதிரி ஆகிடுச்சு

மூணாவதுக்கு முதல்ல பதில், கரம் மசாலா டப்பாவ கீழ வைங்க. இது க்ரேவி இல்ல, ரசத்துக்கும் தக்காளி சாஸுக்கும் நடுவுல ஒரு பதம். தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், பூண்டு எல்லாத்தையும் கொஞ்சமா தண்ணி விட்டு வேகவெச்சு, அரைச்சு, வடிகட்டி, ஒரு ஸ்பூன் எண்ணெய்ல பிரிஞ்சி இலையோட ஊத்தி பத்து பதினஞ்சு நிமிஷம் கொதிக்கவிடணும். பச்சையா அரைச்சு ஊத்தினா அந்தப் பச்ச வாசனை போக ரொம்ப நேரம் ஆகும், மேல ஒரு வெளிர் ரோஸ் நுரையும் வரும். நெறம் ஆழமா செவப்பா மாறி, எண்ணெய் ஓரத்துல கண்ணு கண்ணா தெரியும்போது ரெடி. நெறத்துக்கு அச்சியோத்தேன்னு செவப்பு விதைப் பொடி ஒரு சிட்டிகை போடுவாங்க. சிக்கன் க்யூப் போடுற வீடும் நெறைய இருக்கு.

புளிப்பு அதிகம்னா தக்காளி காயா இருந்திருக்கும். சக்கரைக்கு முன்னாடி உப்பு சரியா இருக்கான்னு பாருங்க, உப்பு கொறஞ்சாலே புளிப்பு தூக்கும். அதுக்கப்புறமும்னா ஒரு சின்னத் துண்டு கேரட்ட அதுலயே வேகவெச்சு அரைச்சு விடுங்க. எள்ளு, பூசணி விதை, வேர்க்கடலை, காஞ்ச மிளகாய், கிராம்பு எல்லாம் வறுத்த ரெலாஹோன்னு ஒரு மசாலாக் கலவை எல் சால்வடார் கடைகள்ல பாக்கெட்ல விக்கும், கிறிஸ்மஸ் வான்கோழிக்கு அதான். அத இதுலயும் ஒரு ஸ்பூன் போட்டா நல்லாதான் இருக்கும், ஆனா நீஞா மூஞ்ச சுளிச்சாங்க, வெறும் தக்காளிதான் வேணுமாம். எனக்குப் பிடிச்சது, நான் போடுறேன், அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் போடுறதில்ல.

முட்டை கவிச்சி அடிக்குது

நுரை தடிமனா நின்னு உள்பக்கம் வேகாம இருந்தா அடிக்கும். மேல எண்ணெய் அள்ளி ஊத்துற வேலைய விட்டிருப்பீங்க. இன்னும் அரை நிமிஷம் ஓரத்துல நிறுத்தி வெச்சு சுத்தி பொரிங்க, வடைய ஓரம் சிவக்க உருட்டுற மாதிரி. முட்டையே இல்லாம செய்யலாமான்னு கேக்குறவங்களுக்கு, கடலமாவு கரைச்சு முக்கினா நல்ல சீஸ் போண்டா கெடைக்கும், தாராளமா செய்ங்க, ஆனா சல்சாவுல போட்டா மாவு கரைஞ்சு சட்டி நாசம்.

இதே முறையில சௌசௌ வெச்சா தண்ணி விடுது

கேக்கவே சந்தோஷமா இருக்கு, யாரோ அடுத்த கட்டத்துக்குப் போய்ட்டாங்க. நம்ம சௌசௌ காயோட பூர்வீகமே மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா பக்கம்தான், எல் சால்வடார்ல அதுக்குப் பேரு விஸ்கில். நீஞா கூடையில அதப் பாத்துட்டு "இது எங்க ஊர் காய்"னு அவங்க சொல்ல, "எங்க ஊர்ல கூட்டு வெப்போம்"னு நான் சொல்ல, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் காயவே பாத்துட்டு நின்னோம். அத மசிக்கக் கூடாது. அரை செமீ கனத்துல வட்ட வட்டமா வெட்டி, கத்தி எறங்குற ஆனா ஒடையாத பதத்துல வேகவெச்சு, துணியில பரப்பி மேல இன்னொரு துணி போட்டு அமுக்கி, பதினஞ்சு நிமிஷம் காய விட்டு, ரெண்டு வட்டத்துக்கு நடுவுல சீஸ் வெச்சு சாண்ட்விச் மாதிரி மைதாவுல புரட்டி முட்டையில முக்குங்க. கிழங்கையும் இதே மாதிரி மசிக்காம வட்டமா வெட்டிச் செய்றவங்க உண்டு, மசிக்கிற தலைவலி வேண்டாம்னா அந்த வழி போங்க. பீன்ஸுக்கும் இதே முட்டைதான், புனித வாரத்துல உப்புக் கருவாட்டுக்கும் இதே முட்டைதான், கருவாட்ட மட்டும் தண்ணி மாத்தி மாத்தி நல்லா ஊறவெச்சு உப்ப எடுத்துட்டுச் செய்யணும்.

மறுநாளைக்கு மிச்சம் இருக்கு, மைக்ரோவேவ்ல வெச்சா தொளதொளன்னு ஆகுது

சல்சாவுல கெடந்தத சட்டியோட சின்னத் தீயில, மூடி, கிண்டாம சூடு பண்ணுங்க, மறுநாள் இன்னும் ருசி ஏறியிருக்கும். பொரிச்சு வெச்சு சல்சாவுல போடாதது இருந்தா ஓவன்ல 180 டிகிரியில எட்டுப் பத்து நிமிஷம். ஃப்ரீஸ் பண்ணணும்னா முட்டையில முக்குறதுக்கு முன்னாடி, சீஸ் அடைச்ச கிழங்கா மட்டும் பண்ணுங்க, தட்டுல தனித்தனியா ஒறஞ்சதும் கவர்ல போட்டுக்கலாம், முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜ்ல எறக்கி வெச்சு, மேல வேர்க்குறத துணியால ஒத்தி எடுத்துட்டு, மைதா. போன வாரம் நான் ஒத்தி எடுக்காம அவசரத்துல போட்டேன், மூணு தோல் உரிஞ்சு போச்சு, நீஞாவுக்கு நாலாவதத்தான் குடுத்தேன். தட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மத்த மூணு எங்க?"ன்னு கேட்டாங்க.